பந்தைத் தாண்டி வந்தவன்

பெயர் சின்னவன். வயது இருபத்து நான்கு. இருக்கும் இடம், மைதானத்துக்குக் கீழே உடை மாற்றும் அறை, கதவோரப் பெஞ்சு.

வலிப்பு வந்து எழுந்தவனிடம் முதலில் இந்த மூன்றைத்தான் கேட்பார்கள். தடுமாறாமல் பதில் சொல்லிவிட்டேன் பார். அதனால் அக்கா, அழுகையை நிறுத்து. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வலது கை ஐஸ் வாளிக்குள் இருக்கிறது. இடது கையால் தட்டினால் விடிந்துவிடும். வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. நீ அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

நான் குப்புறக் கிடந்ததையும் கால் உதைத்துக்கொண்டதையும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அதோடு விளம்பரம் போட்டிருப்பான். பெரிய மாமா "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்திருப்பார்.

மீதியைக் கேள்.

போன பருவத்தில் மைதானத்தில் வலிப்பு வந்ததிலிருந்து நான் வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். மாத்திரை, தூக்கம், மறுபடி மாத்திரை. நேற்றுத்தான் டாக்டர் ஆடலாம் என்றார். மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தம்பி, இன்னொரு தடவை கிரவுண்டுல விழுந்தா ஒப்பந்தம் அவ்வளவுதான்."

"கோல்கீப்பர் விழாம என்ன சார் பண்ணுவான்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

ஒப்பந்தம் போனால் விசாவும் போகும். மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு வந்து, மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

கடைசி நிமிடம். ஒரு கோல் வித்தியாசத்தில் நாங்கள் முன்னால். அப்போதுதான் எங்கள் ஆள் ஒருவன் கோலுக்குப் பக்கத்தில் எதிராளியின் காலைத் தட்டிவிட்டு, அவர்களுக்கு ஒரு பெனால்டி வாங்கிக் கொடுத்தான். புண்ணியவான்.

அடிக்க வந்தவன் ஒன்பதாம் எண்காரன். இந்தப் பருவத்தில் ஒரு பெனால்டியைக்கூடக் கோட்டைவிட்டதில்லை.

ஓடி வந்தான். நான் வலது பக்கம் பாய்ந்தேன்.

பந்து உள்ளங்கையில் பட்டு, விரலை மடக்கிவிட்டு, முன்பக்கம் தெறித்தது.

தடுத்துவிட்டேன் அக்கா. அம்மாவிடம் இதை ஒரு தடவை திருப்பிப் படி.

ஆனால் விழுந்த வேகத்தில் நெஞ்சு தரையில் மோதி மூச்சு அடைத்துவிட்டது. காற்று உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கால் மட்டும் தானாக உதைத்துக்கொண்டது.

பார்ப்பவர்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஆட்கள் மரமாக நின்றார்கள்.

விசில் ஊதவில்லை. பந்து சும்மா கிடந்தது, ஒன்பதாம் எண்காரனின் காலடியில். அதற்குப் பின்னால் காலி கோல். நம் வீட்டுப் பொடிசுகூடக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தட்டியிருக்கும்.

அவன் பந்தைத் தாண்டி வந்தான்.

என் பக்கத்தில் முழங்காலிட்டான். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தான். கை காலை அமுக்கிப் பிடிக்கவில்லை. வாயில் எதையும் திணிக்கவில்லை. அதற்குள் எங்கள் ஆள் ஒருவனுக்கு உயிர் வந்து, பந்தைக் கோல் கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்டான். நடுவர் விசிலோடு ஓடி வந்தார். ஒன்பதாம் எண்காரன் அவர் கையைப் பிடித்து இழுத்து, அவர் கடிகாரத்தில் நேரம் பார்த்தான். ஆட்டத்துக்காக இல்லை, என் கால் எவ்வளவு நேரம் உதைக்கிறது என்று.

எனக்கு மூச்சு திரும்பியது.

"விடுய்யா, மூச்சுதான் அடைச்சுது."

"மொதல்ல பேரச் சொல்லு."

"நீ அடிச்ச பெனால்டியப் புடிச்சவன்."

உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துவிட்டான்.

டாக்டர் வந்து கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, ஆடலாம் என்று தலையாட்டினார். எதிரணிக்காரர்கள் மூலையிலிருந்து பந்தைத் தூக்கி அடித்தார்கள். அத்தனை தலைக்கும் மேலே எழும்பி இரண்டு கையாலும் பிடித்தேன். மடங்கிய விரல் உயிரை எடுத்தது. பந்தை விடவில்லை. பந்தோடு விழுந்தேன், பந்தோடு எழுந்தேன்.

நீள விசில். ஜெயித்துவிட்டோம்.

பையன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இறக்கிவிட்ட இடத்தில் மேனேஜர் நின்றார்.

"விழுந்தேன் சார்," என்றேன்.

"பாத்தேன். அடுத்த மேட்ச்சுலயும் இதே மாதிரி விழு," என்றார். இந்தத் தடவை அவரும் சிரித்தார்.

அந்தப் பக்கம் அவர்களுடைய கோச் ஒன்பதாம் எண்காரனைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். காலடியில் கிடந்த கோலை விட்டுவிட்டு எங்கேடா போனாய் என்று. அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு "பயந்துட்டேன் சார்" என்றான்.

பிறகு வரிசையாகக் கை கொடுக்க வந்தார்கள். என் முறை வந்தபோது அவன் கையை விடாமல் காதருகே குனிந்தான்.

"மாத்திரை உனக்கு ஒரு வேளையா? எனக்கு ரெண்டு வேளை. இங்க யாருக்கும் தெரியாது."

அவ்வளவுதான். அடுத்தவனுக்குக் கை கொடுக்கப் போய்விட்டான்.

நாளைக்கு ஊரே அவனை ஏசும். மாமா இந்நேரம் ஆரம்பித்திருப்பார். இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது விசாரித்தால், அவன் பயந்துவிட்டான் என்றே சொல்லுங்கள்.