அடைபட்ட ஓட்டை

அலுவலகத்துக் கணினிகளையும் கருவிகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து, இணையத் திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை ஆபத்தின்படி வரிசைப்படுத்துவது ஜெசிந்தாவின் வேலை. முதல் இருபதை மட்டும்தான் அடைப்பார்கள். மற்றவை அடுத்த முறைக்குத் தள்ளிப்போகும். லிஃப்டை இயக்கும் கருவியிலிருந்த ஓட்டையை அவள் நான்கு முறை கடைசியில் போட்டிருந்தாள். லிஃப்டுக்குள் புகுந்து எவன் என்ன கிழித்துவிடப் போகிறான்?

இன்று மதியம் வந்த பட்டியலில் அந்தக் கருவி இருந்தது, ஓட்டை இல்லை.

மேலதிகாரி வேலாயுதத்திடம் ஓடினாள். "சார், லிஃப்டை யாரு சரி பண்ணது?"

"யாரும் தொடலியேம்மா. கம்பெனிக்காரன் வந்தே ஒரு வருஷம் ஆச்சு. ஒண்ணு கொறஞ்சா நல்லதுதானே?"

நல்லதில்லை என்று அவளுக்குத் தெரியும். நுழைந்தவன், தனக்குப் பின்னால் இன்னொருவன் வராமலிருக்க, வந்த வழியைத் தானே அடைத்துக்கொள்வதுண்டு.

"நாம அடைக்கலன்னா, அடைச்சவன் உள்ளதான் சார் இருக்கான்."

அவர் சிரித்தார். "வா, கீழ போய் ஒரு டீ குடிச்சா எல்லாம் சரியாயிடும்."

ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் தயாராக நின்றது. வேலாயுதம் ஏறிக்கொண்டார். "நான் படியில வரேன் சார்" என்று அவள் இறங்கத் தொடங்கினாள்.

எட்டாவது மாடியில் லிஃப்ட் திறந்தபடி நின்றது. "தரைத்தளம்தானே அழுத்தினேன்" என்றார் வேலாயுதம், பொத்தானைப் பார்த்துக்கொண்டே.

ஏழாவதிலும் அது அவளுக்கு முன்பே வந்து, திறந்து காத்திருந்தது. வேலாயுதத்தின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. வெளியே வர ஒரு காலை எடுத்து வைத்தார். கதவு மூடத் தொடங்கியது.