மூன்று நாள் மரணம்

மாநகரக் குடிநீர் ஆலையில் எல்லா வேலையையும் இயந்திரமே பார்த்துக்கொண்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும். பொறியாளர் தவசீலன் 'இருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஊருக்கே தண்ணீர் நின்றுவிடும். இதற்காகத்தான் அவன் நான்கு வருடம் விழுந்து விழுந்து படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தான்.

விடுப்பு தருவதும் ஓர் இயந்திரம்தான். அதற்குப் 'பணியாளர் நலப் பேரறிவு' என்று பெயர். உயிரோடிருக்கும் அம்மாவைப் பார்க்க அது விடுப்பு தராது. அம்மா இறந்தால் மூன்று நாள் தரும். அதனால் போன பொங்கலுக்கு, அம்மா இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தவசீலன் கோவில்பட்டிக்குப் போனான்.

"என்னையக் கொன்னுபோட்டாடா வந்திருக்க?" அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மூணு நாளைக்குத்தாம்மா."

"சரி, செத்தவ சுட்ட தோச. ஆறுறதுக்குள்ள தின்னு."

இன்று காலை அக்கா போன் செய்தாள். "அம்மா போயிட்டாடா. நாலு மணிக்கு எடுக்கணும், கெளம்பி வா."

தவசீலன் விண்ணப்பித்தான். உடனே பதில் வந்தது: 'தங்கள் தாயார் ஏற்கெனவே காலமாகிவிட்டார். அதற்குரிய துக்க விடுப்பைத் தாங்கள் முழுமையாகத் துய்த்துவிட்டீர்கள். மாற்று ஆள் அனுப்ப இயலாது.'

நாலு மணிக்கு மறுபடியும் அக்கா. "தூக்கப் போறாங்கடா. அம்மா காதுல போனை வச்சிருக்கேன். என்ன சொல்லணுமோ சொல்லிரு."

தவசீலன் வாயைத் திறந்தான்.

'இருக்கிறீர்களா?' என்றது இயந்திரம்.

"இருக்கிறேன்" என்றான்.

"எங்கடா இருக்க?" என்று அக்கா வெடித்து அழுதாள்.