குளிர்நாடோ வெயில்நாடோ

“ஒரு பாரை மீன் வாங்கவே நாலு இடம் விசாரிக்கிற மனுசன், போற நாட்டின்ரை பேரை விசாரிக்கேல்லையோ?”

“கேக்கக்கூடாதாம். வள்ளத்திலை ஏறினாப் பிறகுதான் ஏஜென்சிக்காரன் சொல்லுவானாம். கத்தாதையும் சுகிர்தா, சனம் கேக்கப்போகுது...”

“கேக்கட்டும்! குளிர்நாடோ வெயில்நாடோ, அதையாவது...”

“ரெண்டுக்கும் வையுமன்.”

சுகிர்தா கம்பளிச் சட்டையையும் மெல்லிய சேர்ட்டுகளையும் ஒரே பைக்குள் திணித்தாள். ஆளுக்கு ஒரு பைதான் என்று, களவாகக் கடல்வழி ஆள் அனுப்பும் அந்த ஏஜென்சிக்காரன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். பை மூடவில்லை. கம்பளியை வெளியே எடுத்தாள், மனம் கேளாமல் மறுபடி வைத்தாள்.

“உடுப்பில்லையப்பா பிரச்சினை.” அவள் குரல் இறங்கிவிட்டது. “நீங்கள் நித்திரையோ முழிப்போ எண்டு இஞ்சையிருந்து நினைச்சுப் பாக்க எனக்கொரு ஊர் வேணும்.”

அவளுடைய புருஷன் குகதாசன் நிமிர்ந்து பார்க்காமல் பையின் சிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒழுங்கை முனையில் அவனை ஏற்றிப்போகும் வான் வந்து நின்றது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டி, படலையைத் திறந்தான்.

புறப்படுகிறவரிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று அந்த ஊரில் எவரும் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை; வேறு சொல் போட்டுச் சுற்றிவளைத்துத்தான் கேட்பார்கள். காலையிலிருந்து அதையே கேட்டுக் கத்தியவளுக்கு இப்போதுதான் அது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, சந்தைக்குப் போகிற அயலவரை விசாரிப்பதுபோல, படலையைப் பிடித்தபடி மெல்லக் கேட்டாள்:

“தூரமோ?”