பாதிக் கிணறு

சுவருக்கு அந்தப்பக்கம் வாளி தண்ணீரில் விழுந்ததும் வெங்கடகிருஷ்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

இன்றைக்குச் சொல்லாவிட்டால் போச்சு. சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து விஜயலக்ஷ்மியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

கரமனை அக்ரஹாரத்தில் அவன் வீடு பதினேழாம் நம்பர். அவள் வீடு பத்தொன்பது. ஒற்றைப்படை எண்களெல்லாம் ஒரே வரிசை என்பதால் அடுத்தடுத்த வீடு. கொல்லையில் கிணறு ஒன்றுதான். நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதி. ஆளைப் பார்க்க முடியாது, குரல் மட்டும் போகும்.

ஒரு மாதம் முன்பு, தொண்ணூற்றொன்று பகா எண் மாதிரி நடித்து ஏமாற்றும், உண்மையில் அது ஏழு பதிமூன்று என்று அவன் சுவரைப் பார்த்துச் சொன்னபோது, 'அப்படியா' என்று அவள் குரல் வந்தது. கல்லூரியில் கணக்கு லெக்சரராக இருப்பவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அன்று முதல் தினமும் காலையில் ஒரு பாடம்.

அதன் பிறகு அவள் பேசவில்லை. கல்யாணமாகாத பெண் எப்படிப் பேசுவாள்? ஆனால் அவன் வாயைத் திறந்தால் அந்தப்பக்கம் ராட்டினம் நின்றுவிடும். வளையல் சத்தம்கூட வராது. எப்போதாவது வெட்கத்தில் ஓர் இருமல். அந்த அடக்கத்துக்கே அவன் உருகிப்போனான்.

இன்று மூச்சு விடாமல் சொன்னான். பதினேழும் பத்தொன்பதும் இரட்டைப் பகா எண்கள். மேலே போகப் போக இப்படிப்பட்ட ஜோடி அபூர்வமாகிவிடும், அகப்பட்டதை விடக்கூடாது. நடுவில் நிற்பது பதினெட்டு ஒன்றுதான். அதை வகுக்கிற சின்ன எண்களைக் கூட்டினால் அதையே மிஞ்சி இருபத்தொன்று வரும், அவ்வளவு ஊதிப்போன எண். உன் அப்பாவைப் போல என்றும் துணிந்து சேர்த்துக்கொண்டான். உனக்குச் சரியென்றால் அவரிடம் இன்றே வந்து பேசுகிறேன் என்றான்.

ராட்டினம் அசையவில்லை. ஓர் இருமல் கேட்டது.

"அதுக்குன்னு தனியா வர வேண்டாம், வெங்கிட்டு. ஒரு மாசமா கேட்டுண்டுதான் இருக்கேன்." ஹுஸூர் கச்சேரியில் சர்க்கார் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவள் அப்பா ஸ்ரீனிவாசய்யரின் குரல். "அவளுக்குக் கணக்குன்னாலே தலைவலியாக்கும். மொத நாளே வாளியை எங்கிட்டத் தந்துட்டா."

வரப்போகிற பையன் எண்களைப் பற்றிப் பேசவே மாட்டானாம், அவளுக்கு அதுவே பிடித்துவிட்டதாம்.

பதினெட்டைப் பற்றி அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பகா எண்கள் அபூர்வமாகுமே தவிரத் தீரவே தீராது என்று நேற்றுச் சொல்லி, பாதியில் விட்டுவிட்டுக் கல்லூரிக்கு ஓடிவிட்டாயே, அதெப்படி என்று கேட்டார். ராத்திரி தூக்கமே வரவில்லையாம்.

வெங்கடகிருஷ்ணனுக்கு அழுகை வந்தது. கல்லூரியில் ஒரு பயல்கூட அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"முதல்ல, எல்லாம் தீர்ந்து போச்சுன்னு வெச்சுக்கணும், மாமா."