பழம் உதிராத மருந்து

முதல் ஆப்பிள் மரம் சாய்ந்தபோது ஒச்சாண்டி துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதான். முதலாளி ராஜமணி அவன் தோளில் கை வைத்தார்.

“உம்மேல குத்தமில்ல ஒச்சாண்டி. நீ செய்ய வேண்டியதச் செஞ்சுட்ட.”

ஒச்சாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். மறுபடி துண்டால் பொத்திக்கொண்டான்.

பெரியகுளத்துக்கு மேலே, மலையில் இருந்தது அந்தத் தோட்டம். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து ராஜமணி வாங்கியது. ஒச்சாண்டி அங்கே காவல்காரன். அவனும் மனைவி பஞ்சம்மாளும் தோட்டத்துக் குடிசையிலேயே குடியிருந்தார்கள்.

மரங்கள் நன்றாகத்தான் காய்த்தன. ஆனால் பறிப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, காற்றுகூட வேண்டாம், காம்பு விட்டுப் பாதிக்குமேல் பழம் தரையில் கிடக்கும். அடிபட்ட பழத்தை வியாபாரி தொடமாட்டார். பஞ்சம்மாள் அதைப் பொறுக்கிக் கூடையில் சுமந்து மலையிறங்குவாள். சந்தையில் போட்டுவிட்டுக் கேப்பை வாங்கி வருவாள். ராஜமணி ஒருநாளும் தடுத்ததில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அவர் ஒரு மருந்து டப்பாவோடு மலையேறினார். சீமைத் தோட்டங்களில் இதைத்தான் அடிக்கிறார்களாம். பறிக்கும்வரை காம்பு பிடி விடாதாம்.

“ஒரு பானைத் தண்ணிக்கு ஒரு கரண்டி. இலையும் காம்பும் நல்லா நனையணும்” என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அன்றே இறங்கிப் போனார்.

பஞ்சம்மாள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒண்ணுகூட உதிராதா?”

“உதிராதுன்னுதான் ஐயா சொன்னாக.”

அவள் டப்பாவை வைத்துவிட்டுச் சந்தைக் கூடையை எடுத்துப் பரணில் போட்டாள். விடிந்ததும் ஒச்சாண்டி மருந்து தெளிக்கும் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். மூன்று நாளில் தோட்டம் முழுக்க நனைந்து சொட்டியது.

அடுத்த முறை ராஜமணி வந்தபோது, மரத்தடியெல்லாம் சிவப்பாகக் கிடந்தது. அவர் சத்தம் போடவில்லை. ஒரு பழத்தை எடுத்துக் காம்பைப் பார்த்தார். கீழே வைத்தார்.

“மருந்தையும் பாத்தாச்சு. இனி இந்த மரங்கள நம்பிப் பிரயோசனமில்ல. வெட்டிட்டு உருளைக்கிழங்கு போடப்போறேன்.”

ஒச்சாண்டி கைகூப்பினான். “இன்னும் ஒரு வருசம் பாக்கலாமுங்கய்யா. இன்னொரு டப்பா மட்டும் வாங்கிக் குடுங்க.”

“எதுக்கு? நீதான் மூணு நாளு முதுகொடிய அடிச்சயே. உன் உழைப்புல குறையில்ல. அந்த மருந்துதான் பொய்யி.” பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கிழங்குக்குக் காவல் தேவைப்படாது. கீழ போயி ஏதாச்சும் வேல தேடிக்கப்பா.”

மறுவாரமே ஆட்கள் கோடரியோடு ஏறிவிட்டார்கள்.

பொழுது சாயும்போது ஒரு மரம்கூட மிச்சமில்லை. பஞ்சம்மாள் பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். ஒச்சாண்டி வெட்டுப்பட்ட அடிமரம் ஒன்றில் உட்கார்ந்திருந்தான்.

“அந்தப் பாழாப்போன மருந்து கொஞ்சம் வேல செஞ்சிருந்தாக்கூட மரம் நின்னிருக்கும்” என்றாள் அவள். “நம்மளும் இங்கனயே கெடந்திருப்பம்.”

அவன் தலை நிமிரவில்லை.

“மருந்த ஏசாத, பஞ்சு. நான் அடிச்சது வெறும் ஓடைத் தண்ணி.”