புகை தெரிய வேண்டும்

தலை நரைத்துப்போன மார்லிஸிடமும் வயதைச் சரிபார்க்க அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினான், அமெரிக்காவின் டொலிடோ நகரில் மின்சிகரெட் கடை வைத்திருக்கும் டுவேன்.

“முதல் தடவையா மேடம்? நிகோடின் எவ்வளவு வேணும்?”

“சுத்தமா வேண்டாம்.”

“வாசனை?”

“எதுவானாலும் சரி. புகை மட்டும் ஜன்னல் வழியா பாக்கிற எங்க சூப்பர்வைசருக்கு நல்லாத் தெரியணும்.”

டுவேன் விழித்தான். “சிகரெட்டை விடறதுக்குத்தானே வாங்குறீங்க?”

“தொட்டிருந்தாத்தானே தம்பி விடறதுக்கு? எங்க கிடங்குல புகைக்கிறவங்க மட்டும் மணிக்கொரு தரம் வெளியே போய் நிக்கலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் இடுப்பு வலிக்குதுன்னு கொஞ்ச நேரம் உக்காந்தேன். இன்னொரு தடவை உக்காந்தா வேலை இல்லைங்கறார் அந்த சூப்பர்வைசர் லோவெல்.”

“ஓ, லோவெல் வேலை பாக்கிற கிடங்கா?” டுவேன் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். “அப்ப தர்பூசணி எடுத்துக்குங்க. மாம்பழம் வேண்டாம்.”

“ஏன், நல்லாருக்காதா?”

“நல்லாத்தான் இருக்கும். ஆனா அது லோவெல் வழக்கமா வாங்குறது. அவரும் நிகோடின் சுத்தமா வேண்டாம்பார். புகை மட்டும் மாடி ஜன்னல் வழியா பாக்கிற மேனேஜருக்குத் தெரியணுமாம்.”