முன்வரிசை இருமல்

“அந்த இருமல் வாத்தியார் மட்டும் இன்னிக்கு உள்ளே வரக்கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், நாடகத்தை இயக்கிய பெண்.

வாசல்காரர் தலையைச் சொறிந்தார். வருகிறவர் லேசுப்பட்ட ஆளா? பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியர், பத்திரிகையில் விமர்சகர். அவர் பேனா மூடியைத் திறந்தால் பக்கத்து ஊர் நடிகருக்கும் வியர்க்கும். ‘செயற்கை’ என்ற ஒரே சொல்லால் பாதிப் பேரை வேறு தொழிலுக்கு அனுப்பிவைத்த மனுஷர். வகுப்பில் இவளும் அந்தச் சொல்லை வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இருமலைத்தான் தாங்க முடியவில்லை. தினமும் முன்வரிசையில் வந்து உட்காருவார். மூத்த நடிகை உருக்கமாகப் பேசி நிறுத்த, சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, பழைய லாரி கிளம்புவது போல ஓர் இருமல். அத்தனை பேரும் திரும்பி முறைப்பார்கள்.

“பாவம், வயசானவர். விட்டுடேன்மா” என்றார் மூத்த நடிகை.

“உங்க சீனைத்தானே கெடுக்கறார்? நீங்களே பரிஞ்சு பேசுறீங்களேக்கா?”

நடிகை கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்.

திரை விலகியது. எப்போதும் கடைசி வரிசையில் நிற்பவள், என்னவோ மனசு கேட்காமல், இன்று மேடையோரம் வந்து நின்றாள்.

நன்றாகப் பேசிக்கொண்டே வந்த நடிகை, சட்டென்று நின்றுபோனார். கண் முன்வரிசைக்கு ஓடியது. அங்கே காலி நாற்காலி.

“அக்கா மறந்துட்டாங்க, எடுத்துக் கொடுங்க” என்று, திரைக்குப் பின்னால் வசனப் பிரதியோடு நின்றவரிடம் கிசுகிசுத்தாள்.

“எப்படிம்மா? மெதுவா சொன்னா அவங்களுக்கு எட்டாது. சத்தமா சொன்னா சபைக்கே கேட்டுடும். தினமும் அவர் இருமும்போதுதான் சொல்லுவேன்.”

அடுத்த நொடி, குடலே வெளியே வந்து விழுவது போல இருமினாள்.

சபை ‘உஸ்’ என்று அவள் பக்கம் திரும்பியது. அதற்குள் வசனம் போய்ச் சேர்ந்தது. நடிகை விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

நாடகம் முடிந்ததும் வாசலுக்கு ஓடினாள். சாத்திய கதவில் காதை வைத்தபடி படியில் உட்கார்ந்திருந்தார் பேராசிரியர்.

“சார்… மன்னிச்சிடுங்க.”

“அது கிடக்கட்டும். நடுவுல இருமினது நீதானே?”

“ஆமா சார்.”

“செயற்கை” என்றவர், அவளும் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.